காதுக்காரி கேட்ட ஒரு சொல்

காதுக்காரியின் காதுக்குப் பயந்தே மருமகள் போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போவாள். குர்ஆன் ஒலிப்பதிவு நிலையத்தில் பிழை கேட்பதுதான் காதுக்காரிக்கு வேலை. அவள் தலையாட்டாமல் எந்தப் பதிவும் வெளியே போகாது.

அன்று அவள் முன்னே இருந்தது போன மாதம் இறந்துபோன அவளுடைய அண்ணனின் கடைசி ஓதல். "இன்னொரு தப்பு இருந்தா மொத்தமும் குப்பைதாம்மா. செத்தவரை எழுப்பியா ஓதச் சொல்ல முடியும்?" என்றார் முதலாளி. இப்படிப் பேச அந்த மனுஷனுக்கு நாக்கு கூசவில்லை.

நட்டநடுப் பகல். ஹெட்போனுக்குள் அண்ணன் மூச்சு இழுத்தது பிடரியில் பட்டதுபோல் இருந்தது. திரும்பினாள். சுவர்தான். அப்போதுதான் அந்தச் சொல் வந்தது. கடைவாய்ப் பல்லில் நாக்கு உரச வேண்டிய 'ளாது' எழுத்துக்குப் பதிலாக, நுனிநாக்கில் 'ளா'. முன்னதில், மறைவானதைச் சொல்வதில் நபி கஞ்சர் அல்லர் என்று பொருள். பின்னதில், சந்தேகத்துக்கு உரியவர் அல்லர். இரண்டும் ஒப்புக்கொள்ளப்பட்ட கிராஅத்துதான், அதாவது ஓதல் வழிதான். ஆனால் ஒருவழியில் ஓதிக்கொண்டே போய் நடுவில் வழி மாறினால் அது பிழை.

அவள் சொன்னதைக் கேட்டு, "கடைசியில புத்தி தடுமாறிட்டார், பாவம்" என்றார் முதலாளி.

அத்தியாயத்தின் தலையிலிருந்து கேட்டாள். ஆறாம் வசனத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒரே மூச்சில், ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும், அண்ணனின் குரல் இளமையாகி மறுபடி கிழடானது.

"இது யாரு?"

"அவரேதான். அந்தச் சொல்லுல எழுத்தை அழுத்தி இரட்டிக்காம ஷத்தை விட்டுட்டார். அவரோட பழைய பதிவுலேர்ந்து வெட்டி ஒட்டுனோம்."

"அவர் விடல! அவர் ஓதுன கிராஅத்துல அங்க ஷத்தே கிடையாது. நான் தப்புன்னு சொன்ன இடத்துலயும் அதுல 'ளா'தான். முழுசும் வேற வழியில ஓதியிருக்கார். துணியை வெட்டிட்டுப் பூவைக் காணோம்ங்கறீங்களே! வெட்டாததைப் போடுங்க."

முதலாளி முணுமுணுத்துக்கொண்டே போட்டார். பிஸ்மில்லாவுக்கு முன்னே தொண்டைச் செருமல். பிறகு அண்ணன்: "இன்னைக்கு வேற கிராஅத்து. உங்களுக்குத் தப்பாத் தோணும். என் தங்கச்சி கேக்கட்டும்." தாள் புரளும் சத்தம். "கேக்குதா புள்ள?"

"கேக்குதுண்ணே" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

"சரி" என்றது குரல். ஓத ஆரம்பித்தது.

முதலாளி பேனாவைக் கீழே வைத்தார். அவள் அழுதுகொண்டே தலையாட்டினாள்.