விழாமல் உடைந்த கால்

நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள் நான். பத்தாவதோடு படிப்பு நின்றது. எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பனித்திட்டுக் கடற்கரை ஏலத்தில் மீன் எடுத்து, பாகூர்த் தெருக்களில் நானும் நாத்தனாரும் விற்கிறோம். என் ஈரலில் ஒரு கிருமி. அதற்காக எட்டு வருடமாகத் தினம் ஒரு மாத்திரை. கணவரைத் தவிர யாருக்கும் தெரியாது. நான் நறுக்கிய மீன் வேண்டாம் என்று ஒரு வீடு சொன்னால் போதும், தெருவே கதவைச் சாத்திவிடும். மாத்திரை அட்டையைச் சுருக்குப்பையில் வெற்றிலைக்கு அடியில் மறைத்து வைத்திருப்பேன்.

ஒருநாள் நடந்துகொண்டிருக்கும்போதே வலது பாதம் வீங்கியது. “வுழுந்துட்டியா அண்ணி?” என்றாள் நாத்தனார். இல்லை என்றால், விழாமல் வீங்குமா என்று அடுத்த கேள்வி வரும். “ஏலக்கூடத்துல வழுக்கிட்டேன்” என்றேன். எலும்பு முறிவு என்று நாட்டு வைத்தியர் எண்ணெய்க் கட்டுப் போட்டார். மூன்றே வாரத்தில், பாயிலிருந்து எழுந்தபோது இடது பாதமும் போனது.

அரியூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்கு நாத்தனார்தான் கூட்டிப்போனாள். டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, “எங்க விழுந்தீங்க?” என்றார்.

நாத்தனார் முந்திக்கொண்டாள். “ஏலக்கூடத்துல டாக்டர். நண்டுக் கூடையோட தொப்புனு வுழுந்தாங்க. நான்தான் தூக்கி வுட்டேன்.”

அன்று அவள் ஏலத்துக்கே வரவில்லை. தெருத்தெருவாகச் சொல்லிச் சொல்லி, அவள் கண்ணாலேயே பார்த்ததாகிவிட்டது.

“ரெண்டு காலும் அப்பவேவா?”

“இது இப்பதான் தெரிஞ்சிருக்கு டாக்டர்.”

டாக்டர் சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார். “வேற மாத்திரை எதனா சாப்பிடறீங்களாம்மா?”

“ஒண்ணும் கெடையாது” என்றாள் அவளே.

என் விரல்கள் சுருக்குப்பையை அவிழ்ப்பதும் முடிவதுமாக இருந்தன. சொன்னால் வியாபாரம் போகும். சொல்லாவிட்டால் அடுத்து எது உடையுமோ. வெற்றிலையை மேசைமேல் எடுத்துப் போட்டேன். அட்டையையும் வைத்தேன்.

“நான் விழவே இல்ல டாக்டர்.”

அட்டையைத் திருப்பிப் படித்தார். “இது சில பேருக்கு எலும்ப பலவீனமாக்கும்மா. நீங்களா நிறுத்திடாதீங்க. நாளைக்கு ரத்தம் பாத்துட்டு வேற மாத்திரைக்கு மாத்தலாமான்னு சொல்றேன்.”

ஆட்டோவில் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு உட்காரவும் முடியவில்லை, காலை நீட்டவும் முடியவில்லை. ஊர் நெருங்கும்போது நாத்தனார் கேட்டாள்: “அப்ப நான் பாத்ததெல்லாம் இன்னா அண்ணி?”

மறுநாள் ரத்தம் எடுத்தார்கள். நாத்தனார் என் அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு தனியாகப் பாகூர் போனாள். கேட்டவர்களிடமெல்லாம், அண்ணி ஏலக்கூடத்தில் வழுக்கி விழுந்ததாகவே சொன்னாளாம்.