கம்பம் அசைந்ததைக் கண்டவன்

சில வருடங்களுக்கு முந்தைய ஒரு கோடையில், கனடாவின் ஸ்காபரோவில் உள்ள ஒரு கிரிக்கெற் மைதானத்தில் நடந்தது இது. எங்கள் பாடசாலைப் பழைய மாணவர்களின் ஆட்டத்துக்கு அம்பயராக நின்றுவிட்டு, வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அஜக்ஸில் உள்ள வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுப் படுப்பதுதான் திட்டம். அப்போது ஒரு வெள்ளைக்காரர் ஓடி வந்து, தங்கள் ஆட்டத்துக்கும் கொஞ்சம் நிற்க முடியுமா என்று கேட்டார்.

பின்னேரம் அதே மைதானத்தில் அவுஸ்திரேலியர்களின் புட்போல் இறுதி ஆட்டம். அதற்கும் முட்டை வடிவ மைதானம்தான் வேண்டுமாம். ரொறன்ரோவில் கிரிக்கெற் மைதானத்தை விட்டால் அவர்களுக்கு வேறு கதியில்லை. கோல் கம்பத்தடியில் நிற்க வேண்டிய ஆள் 401 நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டுப்பட்டுவிட்டார். அவர்கள் ஊரில் முன்பு அந்த வேலைக்கும் வெள்ளைக் கோட்டுத்தானாம். கோட்டைக் கண்டதும் என்னைப் பிடித்துவிட்டார்கள்.

வேலை லேசுதான். காலால் உதைத்த பந்து நடுவில் உள்ள இரண்டு உயரக் கம்பங்களுக்கு இடையால் சுத்தமாகப் போனால் ஆறு புள்ளி, இரண்டு கையாலும் இரண்டு விரல் காட்ட வேண்டும். கம்பத்தில் உரசினால் ஒரு புள்ளி, ஒற்றை விரல். ஒற்றை விரல் காட்டி ஆட்களை அனுப்புவது எனக்குப் பழகின தொழில் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் நின்றேன்.

"அங்கிள், நீங்கள் தமிழோ?"

கம்பத்துக்குப் பின்னால் ஓர் இளம்பெண், பக்கத்தில் மடக்குக் கதிரையில் அவளுடைய தாய். மைதானத்தில் நெட்டையாக நின்ற அவுஸ்திரேலியர் அந்தப் பெண்ணின் கணவர். பதினெட்டு வயதில் ஒரு பெரிய கிளப் அவரைத் தெரிந்தெடுத்ததாம். கழன்ற தோள் மூட்டை மாட்டிக்கொண்டு திரும்பவும் இறங்கி விளையாடின ஆளாம். இத்தனை வருடத்தில் ஒரு வெற்றிக் கிண்ணம்கூடக் கைக்கு வரவில்லை. கடைசியில் கிளப்காரர் ஒரு சின்ன அறைக்குள் கூப்பிட்டு, நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். இவள் மெல்பேர்னுக்குப் படிக்கப் போனது அதற்குப் பிறகுதான்; கலியாணம் கட்டி அவரை இங்கே கூட்டி வந்திருக்கிறாள்.

"அந்தக் கிளப்பில அவர் விளையாடினதை நான் பாக்கேல்லை, அங்கிள். முழங்கால்ல ஐஸ் பையோட சோபாவில இருக்கிறதைத்தான் பாத்திருக்கிறன்."

இன்றோடு போதும் என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். இந்தக் கடைசி ஆட்டத்தையாவது மாமியார் பார்க்க வேண்டும் என்று மனுசன் ஆசைப்பட்டிருக்கிறார். மாமியாரோ என்னிடம் முறைப்பாடு வைத்தார்.

"பந்தடிக்கிறது ஒரு உத்தியோகமே, தம்பி? மருமோன் என்ன வேலை செய்தவர் எண்டு சனம் கேட்டா நான் என்னத்தைச் சொல்ல?"

ஆட்டம் முழுக்க மருமகன் நொண்டினார். மாமியார் பிளாஸ்க்கைத் திறந்து தேத்தண்ணி குடித்தார். முடிய ஒரு நிமிடம்கூட இல்லை. மருமகனின் அணி மூன்று புள்ளி பின்னால். யாரோ உதைத்த பந்து எங்களுக்கு முன்னால் வானத்தில் தொங்கியது. நொண்டிக்கொண்டு நின்ற மனுசன் எங்கிருந்தோ ஓடி வந்தார். எதிரணிக்காரனின் தோளில் முழங்காலை ஊன்றி ஏறினார், ஏறினார், ஏறிக்கொண்டே போனார். ஒரு கணம் ஆகாயத்தில் குந்தியிருந்தார் என்றே சொல்வேன். இரண்டு கையாலும் பந்தைப் பறித்துக்கொண்டு தொப்பென்று முதுகு அடிபட விழுந்தார். பந்தை விடவில்லை. எத்தனையோ வருடமாக நல்ல நல்ல கட்ச் எல்லாம் பார்த்தவன் நான், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"ஐயோ, என்ர பிள்ளை!" என்று கதிரையை விட்டு எழும்பினார் மாமியார். மருமகன் அன்றுதான் பிள்ளையானார்.

அப்படிப் பந்தைப் பிடித்தவருக்குத் தடையில்லாமல் ஓர் உதை உண்டு. நேரம் முடிந்த சத்தம் கேட்டுவிட்டது. ஆனாலும் அந்த உதை அவருக்கு உரியது. கொஞ்சப் புல்லைக் கிள்ளி எறிந்து காற்றைப் பார்த்தார். உதைத்தார். பந்து வளைந்து வந்து என் தலைக்கு மேலால் கம்பங்களுக்குள் போனது. போகும்போது கம்பத்தில் இலேசாக உரசியது. பிளாஸ்ரிக் குழாய்க் கம்பம் ஒரு நடுக்கம் நடுங்கி நின்றது. அடியில் நின்ற எனக்கு மட்டும்தான் அது தெரிந்தது என்று நினைத்தேன்.

மைதானமே கத்தியது. மகள் அழுதுகொண்டே துள்ளினாள். "தம்பி, ஆறைக் குடுங்கோ! ஆறு!" என்றார் தாய். சத்தியமாகச் சொல்கிறேன், என் இரண்டு கையும் பாதி எழும்பிவிட்டன. ஒரு கிண்ணம்கூட இல்லாத மனுசன், கடைசி உதை, பார்த்திருக்கும் பெண்சாதி. குடுத்தால் ஆர் கேட்கப் போகிறார்கள்? ஒரு கையைக் கீழே விட்டேன். ஒற்றை விரல்.

"நீரும் ஒரு தமிழனே?" என்று பின்னாலிருந்து தாயின் குரல் விழுந்தது.

மருமகன் என்னை நோக்கி நொண்டி நொண்டி வந்தார். கிட்ட வர வர இன்னும் பெரிதாகத் தெரிந்தார். அடிதான் விழப் போகிறது என்று நினைத்தேன். கம்பத்தை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு என் தோளில் கையை வைத்தார்.

"சரி, அண்ணை," என்றார், மழலைத் தமிழில். பிறகு ஆங்கிலத்தில், உரசினதைத் தானும் கண்டதாகச் சொன்னார்.

அதற்குள் இரண்டு அணியும் எதிரெதிரே வரிசையாக நின்றன. எவன் தோளில் ஏறினாரோ அவனே வந்து, இன்னொருவனோடு சேர்ந்து அவரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். கைதட்டலுக்கு நடுவே சுமந்து போனார்கள்.

"தோத்த ஆளை ஏன் பிள்ளை அவையள் தூக்கினம்?"

"இனி விளையாட மாட்டார் எண்டா அவையள் இப்பிடித்தான் அனுப்புறவை, அம்மா."

"அப்ப, பென்சனுக்குப் போறவையை மாலை போட்டு அனுப்புற மாதிரி," என்றார் தாய். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரும் கைதட்டினார். பிறகு, திரும்பி வந்த மருமகனுக்கு முதல் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, முகத்தை நீட்டிக்கொண்டே எனக்கும் ஒன்றை நீட்டினார்.

இன்றும் கிரிக்கெற்றில் ஒற்றை விரலை உயர்த்தும்போது அந்தக் கையின் பாரம் என் தோளில் தெரிகிறது. தன்னைக் கடைசி ஆட்டத்தில் தோற்கடித்தவனைப் பார்த்து "சரி, அண்ணை" என்று சொல்ல ஒரு மனிதன் எவ்வளவு உயரத்துக்கு ஏறியிருக்க வேண்டும்!