அள்ளி அப்பிய நீலம்

வேலை முடிந்து வந்தால் ஃபிட்டர் கதவைக் கையால் தொடமாட்டார், முழங்கையால்தான் தள்ளுவார். எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் நீலம் ஒட்டிக்கொண்டிருக்கும். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். அப்படியும் சுவிட்சிலோ தம்ளரிலோ ஒரு கட்டைவிரல் ரேகை மிஞ்சிவிடும்.

"நீங்க குரல் குடுக்கவே வேண்டாம். வந்துட்டீங்கன்னு உங்க மையே சொல்லிடும்" என்பாள் மனைவி.

அது பட்டறை மை. மேடுபள்ளமே இல்லாத தட்டை இரும்புப் பலகையில் அதைத் துளியூண்டு பூசி, மேலே இயந்திரத்தின் பாகத்தைக் கவிழ்த்து உரசுவார். மேடான இடத்தில் மட்டும் நீலம் பிடிக்கும். பிடித்த இடத்தைச் சுரண்டுவார். மறுபடி உரசல், மறுபடி சுரண்டல். பாகம் முழுக்க நீலம் புள்ளிப் புள்ளியாகப் பரவி விழுந்தால்தான் பொருத்தம் சரி.

"மூச்சு பட்ட கண்ணாடி மாதிரி பூசணும். அள்ளி அப்பினா பள்ளத்துலயும் ஒட்டிக்கிட்டு, எல்லாம் சரிதான்னு பொய் சொல்லும்." சாப்பிட உட்கார்ந்தால் இந்தப் பேச்சுதான். கேட்டுக் கேட்டு அவளுக்கும் மனப்பாடம்.

சில மாதங்களாகத் துண்டில் கறை போகவில்லை. சுவிட்சில் ரேகையே தெரியாமல் திட்டுத் திட்டாக நீலம். அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஒருநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். அவர் சுரண்டிப் பொருத்தி அனுப்பிய இயந்திரம் ஆட்டம் காண்கிறதென்று திரும்பி வந்துவிட்டதாம்.

"இன்னொண்ணு திரும்பி வந்தா உங்களை இந்த வேலையிலேர்ந்து எடுத்துடுவேன்னு ஃபோர்மேன் சொல்லிட்டான். மையில ஏதோ கலப்படம். அதான் இப்படி ஆகுது."

"மை அதேதாங்க. நீங்கதான் அள்ளி அப்புறீங்க."

"பட்டறை வாசலைக்கூட மிதிக்காதவ, பேச வந்துட்டா!"

"பட்டறையை நான் எங்க பாத்தேன்? துண்டைத்தான் பாக்கறேன், தினமும்."

அவர் துண்டைப் பார்த்தார்.

"லேசாப் பூசினா கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குதுடி" என்றார் கடைசியில். "சொன்னா ஓரமா உக்கார வெச்சிடுவாங்க."

"சொல்லலைன்னா மட்டும் தோள்ல தூக்கி வெச்சுக்குவாங்களா? கிளம்புங்க, கண்ணைக் காட்டிட்டு வருவோம்."

டாக்டர் கண்புரை என்றார். மறுநாள் ஃபிட்டரே ஃபோர்மேனிடம் சொல்லிவிட்டார்.

"இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? ரெண்டு பேர் மானமும் மிஞ்சியிருக்குமே" என்று கடிந்துகொண்டான் ஃபோர்மேன். திரும்பி வந்த இயந்திரத்தை மட்டும் வேறு யாருக்கும் கொடுக்காமல் ஓரமாக நிறுத்தி வைத்தான். ஆபரேஷன் முடிந்து வந்தவர் முதலில் சுரண்டியது அதைத்தான். பலகையில் நீலத்தைப் பார்த்ததும், "அடேயப்பா, இது இவ்வளவு பளிச்சுன்னா இருக்கும்!" என்றாராம்.

இப்போது வலது கண் தெளிவு. இடது கண்ணுக்கு இனிமேல்தான். சுரண்டும் வேலை அவர் கையில்தான் இருக்கிறது. ஆனால் அனுப்புமுன் கடைசியாகப் பார்த்து ஒப்புக்கொள்வது வேறொருவர். அது அவருக்கு உறுத்தல்தான். கதவை இன்னமும் முழங்கையால் தள்ளுகிறார். சுவிட்சில் விழும் ரேகை, ஈரத்துணி பட்டதும் போய்விடுகிறது.