நமீபியாவில் அக்கா காரை விட்டு இறங்கிய நாள்

அத்தானுக்குக் கால் விறைக்கவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஜெர்மனியில், டோர்ட்மண்டில் ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் தேநீர் குடிக்கும் மண்டபத்தில், என் அத்தான் அந்தோனிப்பிள்ளை ஒரு கதை சொல்லி வருகிறார். அந்தக் கதையில், பாலைவனத்து வீதியில் அவருடைய வலது கால் திடீரென்று விறைத்துப்போகிறது. அதனால் என் அக்கா பிளோறன்சிடம் காரை ஓடக் கொடுக்கிறார். நாலு பேர் நடுவில் எனக்குப் பேச வராது. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனால் அன்று காரின் பின் இருக்கையில் இருந்தவள் நான்தான்.

அக்கா நாற்பத்தேழு வயதில்தான் கார் ஓடப் படித்தாள். எழுத்துப் பரீட்சையில் இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை தேறினாள். வயதானவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற வேலை அவளுக்கு. விடிவதற்கு முன் கிளம்பி, பனியிலும் உறைந்த மழையிலும் பதினொரு வீடுகள். ஒருவரைக் குளிக்கவார்ப்பாள், ஒருவருக்கு ஊசி போடுவாள், ஒருவருக்குக் காலுறை மாட்டுவாள். ஆறு வருடத்தில் வேலைக் காரில் ஒரு கீறல் விழவில்லை. இருந்தும் குடும்பமாக எங்காவது போனால் அத்தான்தான் ஓடுவார்.

“ரெண்டு தரம் பெயில் விட்டவ ஓட, நான் பக்கத்தில இருந்து செபமாலை சொல்லவோ?” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அக்கா கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு போவாள்.

அக்காவின் மகள் ஜெசிகா பொறியியல் படித்தவள். வேலை விஷயமாக நமீபியாவில் கடலோர ஊரான சுவாகொப்முண்டில் இருக்கிறாள். போன வருடம் கிறிஸ்துமஸுக்கு, எங்கள் பேச்சில் நத்தாருக்கு, எங்களை அழைத்தாள். “இஞ்ச இப்ப கோடை. கடற்கரையில இறைச்சி வாட்டித்தான் நத்தார் கொண்டாடுறது. வாங்கோ.”

கார்த்திகை மாதத்தில் ஒருநாள் அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு அலுவலகம் ஒன்றுக்குப் போனாள். முன்கூட்டியே டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், எடுத்து வைத்திருந்தாள். வெளிநாட்டில் கார் ஓடுவதற்கான சர்வதேசப் பத்திரத்தை வாங்கிக் கைப்பைக்குள் வைத்தாள்.

“அத்தானுக்குச் சொல்லாத.”

“ஏனக்கா?”

“சொன்னா எல்லாருக்கும் சொல்லிச் சிரிப்பார்.”

விண்ட்ஹூக்கில் வாடகைக் கார் எடுக்கும்போது அந்தப் பத்திரத்தை மேசையில் வைத்து, இரண்டாவது ஓட்டுநராகத் தன் பெயரையும் போடச் சொன்னாள். அத்தான் உண்மையிலேயே சிரித்தார். “போடட்டும், போடட்டும். ஆசைக்கு.”

அங்கே வீதியின் இடது பக்கம் ஓட வேண்டும். ஜெர்மனியில் வலது. அத்தானுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. “இடது பக்கம் என்ர ரத்தத்தில இருக்கு. ஊரில பதினெட்டு வயசு வரைக்கும் இடது பக்கம்தான் சைக்கிள் ஓடினனான்.”

ரத்தத்தில் இருந்தது ஜெர்மனிதான். அந்தக் காரில் சிக்னலும் வைப்பரும் கை மாறியிருந்தன. திரும்பும் ஒவ்வொரு முறையும் அத்தான் வைப்பரைப் போட்டார். துளி மேகம் இல்லாத வானத்தின் கீழ், காய்ந்த கண்ணாடியில் அது கிறீச்சிட்டுக்கொண்டு ஆடியது. நான் சிரிப்பை அடக்கினேன். அக்கா சிரிக்கவில்லை. அவள் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நத்தாருக்கு முதல் நாள் காலை கடலை நோக்கிப் போனோம். முதல் சந்தியிலேயே வலது பக்கம் ஏறினார். அக்கா “இடது!” என்று கத்தினாள், திருப்பிவிட்டார். இரண்டாவது தடவை, பெற்றோல் நிலையத்திலிருந்து வெளியே வந்தபோது. வலது பக்கமே நேராக ஓடினார். எதிரே லொறி. அதன் விளக்குகள் எரிந்து எரிந்து அணைந்தன. அத்தான் காரை வெட்டினார். வீதியோரச் சரளைக்குள் வழுக்கிப்போய் நின்றோம். தூசு எங்கள்மேல் வந்து இறங்கியது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அக்கா இறங்கினாள். சுற்றி வந்து அத்தானின் கதவைத் திறந்தாள்.

“இறங்குங்கோ.”

“லொறிக்காரன் வந்த வேகத்தைப் பாத்தனீரோ?”

“அவன் தன்ர பக்கத்தில வந்தவன். இறங்குங்கோ.”

“நீர் பேசாமல் ஏறும்.”

“ஏலாது. நீங்கள் ஓடுற காரில நான் இனி ஏறமாட்டன். ஜெசிகாவைப் பாக்கத்தான் டிக்கெட் எடுத்தனான். அவளிட்டப் பிணமாப் போய்ச் சேர இல்லை.”

கதவை அப்படியே திறந்துவிட்டு, தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு போய், ஒரு முள்மரத்தின் கொஞ்ச நிழலில் உட்கார்ந்தாள். வெயில் முப்பத்தெட்டு பாகை. அத்தான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. நான் அவர் பக்கம்தான் என்று அவருக்கு நிச்சயம்.

நான் இறங்கினேன். அக்காவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கால்கள் நடுங்கின. அதைத்தான் விறைப்பு என்று சொல்வதென்றால், விறைத்தது என்னுடைய கால்.

அரை மணி நேரம் அப்படியே போனது. பிள்ளைகளும் பாய்களும் நிறைந்த ஒரு பிக்கப் வண்டி எங்களருகில் நின்றது. அதை ஓட்டி வந்த பெண் ஏதும் பிரச்சினையா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அக்காவும் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பதில் சொன்னாள்: “என்ர மனுசன் யோசிக்கிறார்.” அந்தப் பெண் காரைப் பார்த்தாள், திறந்திருந்த கதவைப் பார்த்தாள், வயிறு குலுங்கச் சிரித்தாள். எங்களுக்கு இரண்டு துண்டு வத்தகப்பழம் வெட்டித் தந்துவிட்டுப் போனாள். சாறு முழங்கை வரை வடிய நாங்கள் தின்றோம்.

அதைப் பார்த்த பிறகுதான் அத்தான் அசைந்தார். வெளியே இறங்கவில்லை. உள்ளே இருந்தபடியே கியர் தடியைத் தாண்டி, முழங்காலை இடித்துக்கொண்டு, மற்ற இருக்கைக்குப் போனார். இரண்டு கால்களையும் நன்றாகத் தூக்கி வைத்தார். நான் பார்த்தேன்.

அக்கா கைகளைக் கழுவி, ஏறி, இருக்கையை முன்னுக்கு இழுத்து, கண்ணாடியைச் சரிசெய்தாள். ஒரு தடவைகூட வைப்பரைப் போடவில்லை. போய்ச் சேர்ந்தபோது வீட்டு வாசலில் நின்ற ஜெசிகா, “அம்மாவோ ஓடினது?” என்று கூவினாள். “ஓம். பசிக்குது” என்றாள் அக்கா. அடுத்த நாள் கடற்கரையில், அரைக் காற்சட்டை போட்ட நத்தார் தாத்தாவைப் பார்த்துக்கொண்டு வாட்டின இறைச்சி தின்றோம். அதன் பிறகு பத்து நாட்கள், செம்மணல் மேடுகள் வரை, சரளை வீதிகளில் இரண்டாயிரம் கிலோமீற்றர் அவள்தான் ஓடினாள்.

போன ஞாயிறும் மண்டபத்தில் அந்தக் கால் கதை நடந்தது. தவராசா அண்ணை கண்ணைச் சிமிட்டிக்கொண்டு கேட்டார்: “இப்ப கால் எப்பிடி அண்ணை?”

“பரவாயில்லை. குளிருக்குக் கொஞ்சம் பிடிக்குது.”

அக்கா மேலங்கியோடு வந்து நின்றாள். கார்ச் சாவி அவள் கையில் இருந்தது.

“நான் போறன். என்னோட வாறியளோ, பஸ்ஸில வாறியளோ?”

அத்தான் தேநீரை முடித்துவிட்டு எழுந்தார்.

நான் வழக்கம்போலப் பின்னால் ஏறினேன். வெளியே ஈரப்பனி. ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும், அக்கா பிரேக் பிடிப்பதற்கு முன்னமே அத்தானின் வலது கால், அங்கே இல்லாத ஒரு பிரேக்கை ஓங்கி மிதித்தது. வீடு வரும்வரை பதினான்கு தடவை. நல்ல பலமான கால்.