சுகந்தியின் வெண்ணெய்

எதிர்வீட்டு சுகந்தி ஒரே வாரத்தில் மூன்று முறை என்னைப் புகழ்ந்தாள். "உங்களாட்ட ஒழுங்கு யாருக்குங்க வரும், அக்கா?" ஏதோ காரியம் ஆகவேண்டும்போல என்று நாட்குறிப்பில் மூன்று கேள்விக்குறிகள் போட்டேன். அவளைக் கண்டால் கதவையும் சாத்தினேன்.

முகஸ்துதி செய்வதை ஆங்கிலத்தில் வெண்ணெய் தடவுவது என்பார்கள். சாமிக்கு வெண்ணெய் சாத்தி வரம் கேட்கும் நம் வழக்கத்திலிருந்து அது வந்ததாகச் சிலர் சொல்வதைப் படித்திருந்தேன்.

சனிக்கிழமை ஆர்.எஸ்.புரம் ஆஞ்சநேயர் கோயிலில் சுகந்தி வெண்ணெயோடு நின்றாள்.

"சாமிகிட்ட என்ன கேக்கப்போற?"

"கேட்டதைக் குடுத்துட்டாருங்க அக்கா. பாப்பாவுக்குக் காய்ச்சல் நின்னுபோச்சு. அன்னிக்கு காய்ச்சல் ஏறுனதையும் எறங்குனதையும் நீங்க மணிவாரியா எழுதிக் குடுத்த சீட்டைப் பாத்துத்தான் என்ன காய்ச்சல்னு டாக்டரே கண்டுபுடிச்சாருங்க. சாமிக்கு வெண்ணெய் இருக்குது, உங்களுக்கு என்ன செய்யறதுன்னுதான் தெரியலீங்க."

வீடு திரும்பி அந்தக் கேள்விக்குறிகளை அடித்தேன். பேனாவால் போட்டவை, அடித்த பிறகும் தெரிகின்றன.