பி சைடு கடைசிப் பாட்டு

அந்த ஆளை நான் ‘அவன்’ என்றுதான் எழுதப்போகிறேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவன், நேரில் அண்ணாத்தே என்றுதான் கூப்பிட்டேன், அதெல்லாம் சரி. எழுதும்போதும் மரியாதை கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

குமணன்சாவடி கூட்டுரோட்டில், பெங்களூர் போகிற பஸ்கள் ஹாரனை விடாமல் அழுத்துகிற இடத்தில், அவனுடைய கேசட் ரெக்கார்டிங் கடை இருந்தது. எண்பதுகளின் நடுப்பகுதி. காலி கேசட்டைக் கொடுத்து இன்ன பாட்டு என்று சொன்னால் ஏற்றிக் கொடுப்பான். சினிமாப் பாட்டும் சாமி பாட்டும்தான் வியாபாரம். இங்கிலீஷ் பாட்டு அவனுடைய கிறுக்கு. துறைமுகத்தில் வேலை பார்த்த அவனுடைய மச்சான், கப்பல்காரர்கள் வேண்டாம் என்று போட்ட கேசட்டுகளைக் கொண்டுவந்து தருவான். அட்டை இருக்காது, பெயர் இருக்காது, சிலதில் பெட்டியே இருக்காது.

அவனிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒரு பக்கம் முடிகிற இடத்தில் கொஞ்சம் நாடா மிச்சம் இருந்தால், அதைச் சும்மா விடமாட்டான். கைக்கு அகப்பட்ட ஏதாவது இங்கிலீஷ் பாட்டில் ஒரு துண்டை வெட்டிப் போட்டுவிடுவான். இதற்கு ‘சந்து ரொப்பறது’ என்று பெயர். பூந்தமல்லியில் ஒரு கல்யாணத்தில் நாதஸ்வர கேசட் முடிந்த கையோடு ஒரு வெள்ளைக்காரன் மைக்செட்டில் அலற, மாப்பிள்ளை வீட்டார் கடைக்கே வந்து சட்டையைப் பிடித்தார்கள். அதற்குப் பிறகும் அவன் நிறுத்தவில்லை. எங்கள் வட்டாரத்தில் யார் வீட்டு கேசட்டை எடுத்தாலும் கடைசியில் ஊர் பேர் தெரியாத ஒரு பாட்டுத் துண்டு இருக்கும். நாங்கள் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தோம்.

கடை வாசலில் சாயங்காலம் நாலைந்து பேர் நிற்போம். எல்லோரும் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர்கள், அல்லது வேலை தேடுபவர்கள். பாண்டுகளின் பெயர் தெரியாததால் நாங்களே பெயர் வைத்தோம். எழுபதுகளில் இருபது நிமிஷம் ஒரே பாட்டு வாசித்தவர்கள், ஆர்கன், கோரஸ், ஏழு தட்டுத் தாளம் என்று ஊரைக் கூட்டிப் பந்தி போட்டவர்கள், அவர்கள் ‘ஜமீன்’. அதற்கப்புறம் வந்தவர்கள் மெல்லிய டை கட்டிக்கொண்டு, தலையை ஒட்ட வெட்டிக்கொண்டு, மூன்று நிமிஷத்தில் பாட்டை முடித்துக்கொண்டு ஓடினார்கள். கீபோர்டை ஒற்றை விரலால் தட்டினார்கள். அவர்கள் ‘குமாஸ்தா’. முதல் வகைக்கு ஆர்ட் ராக் என்றும் இரண்டாவதற்கு நியூ வேவ் என்றும் பெயர் இருப்பது எங்களுக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியும். ஜமீன் திவாலாகித்தான் பிள்ளைகள் குமாஸ்தா வேலைக்கு வந்தார்கள் என்பது அவன் கட்சி. இப்போது யோசித்தாலும் அது ஒன்றும் தப்பான கட்சி இல்லை.

அதை நிரூபித்தும் காட்டுவான். ஜமீனின் நீளப் பாட்டு ஒன்றில், நட்டநடுவில் ஆர்கன் அடங்கிப்போய், கிட்டார் மட்டும் இரண்டே சுரத்தைத் திரும்பத் திரும்ப வெட்டும். அதை நிறுத்திவிட்டு, அடுத்த டெக்கில் குமாஸ்தாவின் ஒரு பாட்டைப் போடுவான். அதே இரண்டு சுரம், அதே வெட்டு. சுற்றியிருந்த அலங்காரம் எல்லாம் போய் எலும்பு மட்டும் நிற்கும். “பாத்தியா? அப்பன் ஊட்டு வெள்ளித் தட்ட உருக்கி ஸ்பூன் பண்ணிக்கினான்” என்பான். எனக்கு உடம்பு சிலிர்க்கும். பொய் சொல்வானேன், அந்தக் காது அவனுக்கு உண்டு.

இதற்கு ‘ஜாதகம் பாக்கறது’ என்று பெயர். எந்தப் பாட்டு வந்தாலும் அதற்கு அப்பன் யார், தாத்தா யார் என்று சொல்லவேண்டும். வெள்ளைக்காரன் பாட்டோடு நின்றால் பரவாயில்லை. ஆவடியிலிருந்து ஒருவன் சொந்தமாக மெட்டுப் போட்டிருக்கிறேன் என்று சின்ன கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவன் வாசித்து முடிக்கவில்லை, “முதல் வரி ஜமீன், ரெண்டாவது வரி குமாஸ்தா, மூணாவது வரி பல்பொடி விளம்பரம்” என்று கடைக்காரன் கூறு போட்டுவிட்டான். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அதிகமாகச் சிரித்தவன் நான். அந்தப் பையன் கீபோர்டை உறையில் போடக்கூட இல்லை, அப்படியே கையில் ஏந்திக்கொண்டு பஸ் ஏறினான். திரும்பி வரவே இல்லை.

கடைக்காரன் சொன்னால் சொன்னதுதான். ஒருமுறை, ஜமீன் பாட்டைத் திருடிய குமாஸ்தா யாரும் கண்டுபிடிக்கக் கூடாதென்று அரை சுரம் ஏற்றி வாசித்திருக்கிறான் என்று தீர்ப்புச் சொன்னான். ஒரு வருஷம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தோம். பார்த்தால், அவன் கடை வலது டெக்கின் மோட்டார் வேகமாக ஓடுகிறது. அதில் எதைப் போட்டாலும் அரை சுரம் ஏறித்தான் கேட்கும். கேட்டதற்கு, “டெக்கு ஓடறது வேற, திருட்டு வேற, நீ பொத்திக்கினு கேளு” என்றான். பொத்திக்கொண்டு கேட்டோம்.

என் கதைக்கு வருகிறேன். எங்கள் தாத்தா காலத்தில் அடுத்தவன் நிலத்தில் கூலி வேலை. அப்பா அம்பத்தூரில் இரும்புத் தகடு வெட்டுகிற பவர் பிரஸ்ஸில் நின்றவர். அவருக்கு வலது கையில் சுட்டுவிரல் பாதிதான், நடுவிரல் கிடையாது. பிரஸ்ஸில் நின்ற யாரைக் கேட்டாலும் கையைக் காட்டுவார்கள், ஏதாவது ஒன்று குறையும். எனக்கும் திருமழிசையில் ஒரு யூனிட்டில் பிரஸ் வேலைக்கு அப்பா சொல்லி வைத்திருந்தார். நான் கிட்டார் வாசிப்பவன். கோயில் திருவிழாக் கச்சேரிக்கு வந்த ஒரு கிட்டார்காரரிடம் கெஞ்சிக் கற்றுக்கொண்டு, மிச்சத்தைக் கேசட்டைக் கேட்டுக் கேட்டுத் தேற்றியவன். அந்த மெஷினில் கையை விட எனக்கு அப்படி ஒரு பயம். எப்படியாவது தப்பிக்க வேண்டும், அவ்வளவுதான்.

தப்பிக்க ஒரு வழி வந்தது. நகரத்தில் பெரிய ஹோட்டல் ஒன்றில் தினமும் வாசிக்கும் பாண்டுக்குக் கிட்டார் ஆள் தேவைப்பட்டது. அதன் தலைவர் முகப்பேரில் ஹவுசிங் போர்டு பிளாட்டில் குடியிருந்தார். கடைக்காரனுக்கு அவரைத் தெரியும். சும்மா சொல்லக் கூடாது, என்னைப் பற்றி அவரிடம் சொன்னதே கடைக்காரன்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்கே வந்து கேட்கிறேன் என்று அவர் சொல்லிவிட்டார்.

வந்தார். ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் கேட்ட இங்கிலீஷ் பாட்டுகளை வாசித்தேன், தலையாட்டினார். பிறகு, “சொந்தமா ஏதாவது வச்சிருக்கியா தம்பி? அடுத்தவன் பாட்டு வாசிக்க ஆயிரம் பேர் கிடைப்பான். ராத்திரிக்கு ரெண்டு பாட்டாவது நம்மளுதா இருக்கணும்னு எனக்கு ஆசை” என்றார்.

என்னிடம் ஒன்று இருந்தது. ஒன்றே ஒன்று. வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து, பல மாதம் கைக்குள் வைத்துப் பிசைந்தது. யாருக்கும் வாசித்துக் காட்டியதில்லை, ஜாதகத்துக்குப் பயந்துதான். அன்று வாசித்தேன். அவருடைய விரல் தொடையில் தாளம் போட ஆரம்பித்தது. முடிந்ததும், “இது யாரோடது?” என்றார்.

“என்னுதுதான் சார்.”

என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் சொன்னதில்லை. அவர் சிரித்தார். சேர்த்துக்கொண்டது மாதிரிதான் சிரித்தார்.

அப்போது கடைக்காரன் வாயைத் திறந்தான். “சார், ஒரு நிமிசம். தப்பா நெனச்சுக்காதீங்க. இது ஊமையனோடது.”

ஊமையன் என்பது நாங்கள் வைத்த இன்னொரு பெயர். ஜமீனாக ஆரம்பித்துக் குமாஸ்தாவாக மாறிய ஒரு பாண்டு, பாடுகிறவன் வாய்க்குள்ளேயே முனகுவான். அவர்களுடைய கேசட்டுகளைக் கடைக்காரன் ஒருவன்தான் முழுதாகக் கேட்டிருந்தான். நிஜப் பெயரும் அவனுக்குத்தான் தெரியும். அதைத் தலைவரிடம் சொன்னான், அவர் கேள்விப்பட்டிருந்தார்.

“ரெண்டாவது கேசட்டு, பி சைடு, கடைசிப் பாட்டு. அப்டியே கீது சார்.”

“போட்டுக் காட்டேன்.”

“ஆடி மாசம் ஆர்டர் நெருக்கிச்சு. காலி கேசட்டு கெடைக்கல, அது மேலயே அம்மன் பாட்டு ஏத்திட்டேன். ஆனா இவன் கேட்டுக்கீறான் சார், எத்தினி தபா சந்து ரொப்பிக்கீறேன் அத வச்சி.”

தலைவர் என்னைப் பார்த்தார். “கேட்டிருக்கியா?”

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது? எத்தனை கேசட்டின் வாலில் எத்தனை துண்டு கேட்டிருப்பேன், எது யாருடையது என்று எனக்கு என்ன தெரியும்? அவன் காது தப்பாது என்று ஊரே நம்பியது, நானும்தான். மாடியில் தானாக வந்தது என்று நினைத்தேனே, வந்ததா, உள்ளே கிடந்ததா? “கேட்டிருப்பேன் போல சார்” என்றேன்.

அவர் எழுந்தார். “அடுத்தவன் பாட்ட வாசிக்கறது தப்பில்ல தம்பி, எங்க பொழப்பே அதுதான். என்னுதுன்னு வாய் கூசாம சொன்ன பாரு, அதான்” என்றார். ஸ்கூட்டர் ஒரே உதையில் கிளம்பியது. கூட்டாளிகள் சிரித்தார்கள். “பல்பொடிக்கு இது தேவல மாமே” என்று ஒருவன் சொன்னான். அன்றைக்கு யார் சொன்னது என்று இன்னமும் தெரியும், விடுங்கள்.

அப்பா, “இன்னா ஆச்சு?” என்றார். எடுத்துக்கொள்ளவில்லை என்றேன். “போவட்டும். திங்கக்கெழமை திருமழிசைக்குப் போ.” போனேன். பிரஸ்ஸில் நின்றேன், எப்படியோ பத்து விரலும் தப்பியது, கல்யாணம் ஆனது, பிள்ளை பிறந்தது. அந்த மெட்டை மட்டும் அதற்குப் பிறகு தொடவில்லை. திருட்டு நகையை யாராவது கழுத்தில் போட்டுக்கொண்டு தெருவில் போவானா?

ஆனால் ஊமையனை விடவில்லை. எங்கே திருடினேன் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். தொண்ணூறுகள் முழுக்க இதே வேலை. பழைய சாமான் கடைகளில் குனிந்து குனிந்து தேடினேன். துபாய் போனவனிடம் சொல்லி விட்டேன். சிடி வந்த பிறகு கொஞ்சம் சுலபமானது. ஒவ்வொன்றும் கைக்கு வரும்போது, இதில் மாட்டிக்கொள்வேன் என்றே நினைப்பேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் போட்டுவிட்டு, கூடவே கிட்டாரில் வாசித்து வாசித்துப் பார்ப்பேன். எந்த வரியில் என் மெட்டு ஒளிந்திருக்கிறது என்று கையால் தடவிப் பார்த்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது ஆல்பத்தின் பி சைடு கடைசிப் பாட்டு வேறு ஏதோ ஒன்று. அவன் சைடு மாற்றிச் சொல்லியிருப்பான் என்று மற்றதையெல்லாம் தேடினேன். கடைசி ஆல்பமும் கிடைத்தது. அதிலும் இல்லை.

நேரே குமணன்சாவடிக்குப் போனேன். கடை எஸ்.டி.டி. பூத்தும் ஜெராக்ஸுமாக மாறியிருந்தது. தலை நரைத்து, தொந்தி வைத்து, மெஷின் மூடியைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தான்.

“அண்ணாத்தே, ஊமையன் பாட்டு அத்தனையும் கேட்டுட்டேன். நீ சொன்ன பாட்டு அதுல இல்ல.”

“எந்தப் பாட்டு?” என்றான். ஹோட்டல் பாண்டுக்காரர் கடைக்கு வந்த ஞாயிற்றுக்கிழமையை நினைவுபடுத்தினேன். அப்புறம் சிரித்துவிட்டான். “அடப்பாவி, அதுவா! அப்டி ஒரு பாட்டே கெடையாது மாமே. சும்மா வுட்டேன்.”

“ஏன்?”

“அன்னிக்கு உன் மூஞ்சிய நீ பாக்கல. என்னுதுன்னு சொல்லிக்கினு அவ்ளோ குஷியா கீற. எனக்குப் பாக்க சகிக்கல. நானும் காலம் பூரா கேட்டுக்கினுதான் கீறேன், எனக்கு ஒரு வரி வந்துச்சா?” மெஷினிலிருந்து வந்த தாளைத் தட்டி அடுக்கினான். “அத்த வுடு. நான் சொன்னா நீ நம்பிருவியா? உன் பாட்டு உனுக்குத் தெரியாதா இன்னா?”

நாசமாய்ப் போகிறவன். ஓங்கி ஒன்று விடலாம் என்று கை எழுந்தது. ரேஷன் கார்டை நகலெடுக்க ஒரு அம்மா பக்கத்தில் நின்றிருந்தார். திரும்பி நடந்தேன்.

பஸ்ஸில் வரும்போது கோபம் அடங்கி, வேறொன்று கிளம்பியது. அது என்னுடையது. முழுக்க முழுக்க என்னுடையது. அழுகை வந்தது, வெட்கமில்லாமல் அழுதேன். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் கிட்டாரை எடுத்து உட்கார்ந்தேன்.

முதல் வரி வந்தது. இரண்டாவது வரியில் மேலே ஏற வேண்டிய இடத்தில் விரல் கீழே இறங்கியது. நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். மறுபடியும் இறங்கியது. ஊமையன் அந்த மாதிரி இடத்தில் இப்படித்தான் இறங்குவான். என் மெட்டு எங்கே போகும் என்று கண்ணை மூடி யோசித்தேன், பிடிபடவில்லை. எத்தனை தடவை ஆரம்பித்தாலும் கை ஊமையன் வீட்டு வாசலில் போய்த்தான் நின்றது.

அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். “நல்லாக்கீதே. ஞாயித்துக்கெழமையானா போடுவியே, அந்த இங்கிலீஷ்காரங்க பாட்டுதான இது?”

ஆமாம் என்றேன்.