அந்தப் பொடியில் ஒன்றும் இல்லை

எங்கள் பரிசோதனைக்கூடத்துக்கு வரும் உணவு மாதிரிகளுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். மசாலாத்தூளோ பால்பவுடரோ, யாருடையது என்று தெரியாமலேதான் நாங்கள் சோதிப்போம். ஒருநாள் காலை கூடத்தின் தலைவியான மேடம் தன் கையாலேயே ஒரு குப்பியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். உள்ளே சாக்லேட் வாசனை அடிக்கும் பழுப்புநிறப் பொடி. "எல்லாத்தையும் பாத்துடு. ஈயம், பாதரசம், ஸ்டீராய்டு, ஊக்கமருந்து, ஒண்ணையும் விடாதே" என்றார். மகனைப் பறிகொடுத்து, விடுப்பு முடிந்து அவர் வேலைக்குத் திரும்பியிருந்த நாள் அது. துக்கம் விசாரிக்க நான் வாயெடுப்பதற்குள் தன் அறைக்குப் போய்விட்டார்.

மகன் ராணுவ அதிகாரி பயிற்சிக்கு வடக்கே போயிருந்தான். முதுகில் சுமையோடு ஓடும் பயிற்சி ஒன்றில், நல்ல வெயிலில் சுருண்டு விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. வெயில்தான் காரணம் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். எனக்கு அதுவரைக்கும்தான் தெரியும். மீதியைச் சொன்னது கூடத்தைப் பெருக்கித் துடைக்கும் அக்கா. "அந்தப் பொடி யார்துன்னு நெனச்ச? மேடம் புள்ளைதுதான். அவன் சாமான் பெட்டியோட திரும்பி வந்துகீது. இவங்களே தி.நகர்ல வாங்கி அனுப்பினதாம். அதாலதான் புள்ள போச்சுன்னு சொந்தக்காரங்க ஒரு மாதிரி பேசறாங்க போல" என்றார். அதன் பிறகு அந்தக் குப்பியைத் தொட என் கை கூசியது. ஆனாலும் ஒரு சோதனையையும் விடாமல் செய்தேன்.

பொடியில் ஒன்றும் இல்லை. நல்ல புரதம், கொஞ்சம் சர்க்கரை, உப்பு, வாசனைக்குச் சேர்த்தது, அவ்வளவுதான். அவருக்கு இதைவிட ஆறுதலான செய்தி இருக்க முடியாது என்று நினைத்து, கிட்டத்தட்ட ஓடிப்போய்ச் சொன்னேன். "சுத்தமா இருக்கு மேடம். ஒரு குறையும் இல்ல."

அவர் முகம் தெளியவில்லை. "இன்னொரு தடவை பாரேன்" என்றார். பார்த்தேன். அதே முடிவுதான். மூன்றாம் முறை கேட்டபோது நான் தயங்கி நின்றேன். அப்போதுதான் மெல்லச் சொன்னார்: "உடம்பெல்லாம் வலிக்கறது, மத்த பசங்களுக்கு ஈடுகொடுக்க முடியலைன்னு போன்ல சொல்லிண்டே இருந்தான். நானே பாத்துப் பாத்து வாங்கி அனுப்பினேன். இதுல ஏதாவது இருந்தா, நான்தான் காரணம்னு ஒரு மூலைல உக்காந்துடுவேன். ஒண்ணுமே இல்லேன்னா, அவன் ஏன் விழுந்தான்?"

வெயில் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வெயிலை எந்தக் குப்பியில் அடைத்து அவர் முன்னால் வைப்பேன்?

அதற்குப் பிறகு மேடம் சோதிக்கச் சொல்லவில்லை. வழக்கம்போல வேலை பார்த்தார், அறிக்கைகளில் பிழை திருத்தினார், எங்களைக் கடிந்துகொள்ளவும் செய்தார். தேறிவிட்டார் என்றே நினைத்தோம். ஒருநாள் மதியம் பெருக்கும் அக்கா என்னைத் தேடி வந்தார். "மேடம் மொட்டமாடில நின்னுகினு கீறாங்க. கூப்ட்டா திரும்பலம்மா. எனக்கு பயமா கீது."

நான் ஏறிப் போனேன். அக்கினி நட்சத்திர வெயில். செருப்பைத் தாண்டிச் சூடு காலில் ஏறியது. மேடம் வெறுங்காலோடு நடுமாடியில் நின்றுகொண்டிருந்தார். புடவை முதுகோடு ஒட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு காலி டம்ளர், அதன் அடியில் பழுப்பாக ஏதோ படிந்திருந்தது. கையைப் பிடித்து நிழலுக்கு இழுத்தேன். சின்னக் குழந்தைபோல உடன் வந்தார்.

"தினமும் குடிக்கறேன். தினமும் வந்து நிக்கறேன்" என்றார், ஏதோ சோதனையின் முடிவைச் சொல்வதுபோல. "எனக்கு ஒண்ணும் ஆகலையேடி. தலைகூடச் சுத்தலை."

அவர் பாதங்களில் கொப்புளங்கள் இருந்தன. படியில் உட்காரவைத்துத் தண்ணீர் ஊற்றினேன். அவர் அழவில்லை. நான்தான் அழுதேன். அந்த வாரமே அவருடைய உடன்பிறந்த அக்கா வந்து மயிலாப்பூரில் இருக்கும் தன் வீட்டுக்கே அழைத்துப் போய்விட்டார். மேடம் பிறகு வேலைக்கு வரவில்லை.

இன்று அவருடைய அறையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். எந்த எண் எந்தக் கம்பெனியுடையது என்பது இப்போது எனக்குத் தெரியும். புரதப் பொடிகள் முன்னைவிட அதிகமாகவே வருகின்றன. பெரும்பாலானவை நல்லவைதான். நல்லவை என்று கையெழுத்துப் போடும்போதெல்லாம் என் பின்னால் யாரோ நின்றுகொண்டு, இன்னொரு தடவை பார்க்கச் சொல்வதுபோல இருக்கும். திரும்பிப் பார்க்கமாட்டேன்.

போன மாதம் என் மகள், கல்லூரியில் என்.சி.சி.யில் இருப்பவள், முகாமுக்கு முன்னால் அப்படி ஒரு பொடி வேண்டும் என்றாள். தி.நகர்க் கடை வரைக்கும் போனேன். நானே சோதித்துத் தேர்ச்சி கொடுத்த டப்பா அலமாரியில் இருந்தது. அதைக் கையில் எடுக்க முடியாமல் வெறுங்கையோடு திரும்பினேன்.

"ஏம்மா, அதுல என்ன கெடுதல்? உங்க லேப்லயே நல்லாருக்குன்னுதானே சொல்றீங்க?" என்று கேட்டாள்.

ஒரு கெடுதலும் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"வெயில்ல ஓடாதடி" என்றுதான் வந்தது.